அழைக்கப்பட்டவரும் வீட்டாரும்



ஒரு மகன் தன் தாய் தந்தையின் பெயரில் வைத்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே பேச அழைத்தபோது தலைப்பைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. கிறிஸ்தவ ஊழியத்துக்கோ துறவுக்கோ தாம் அழைக்கப்பட்டிருப்பதாக உணரும் ஒருவர், அந்த வழியில் காலெடுத்து வைக்கும் நேரத்தில் வீட்டார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நம் சாட்சிக் கூட்டங்களில் இந்தக் கதையின் பாதிதான் வெளியே வரும். அப்பா அடித்து விரட்டினார், அம்மா பேச்சை நிறுத்திவிட்டார், ஆனாலும் நான் பின்வாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் கூட்டம் அல்லேலூயா என்கிறது. அதே ஆள், பல வருடம் கழித்தும், அப்பா எடுக்கமாட்டார் என்று தெரிந்தே கிறிஸ்துமஸ் காலையில் அவருக்குப் போன் போடுகிறார். அது சாட்சியில் வராது. சொன்னால் விசுவாசத்தில் குறை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தப் போனில் குறை எதுவும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வீட்டாரின் ஆசிக்காக ஏங்குகிறவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. எவர் ஆசியும் எனக்கு வேண்டாம் என்று இறுகிப்போனவர் ஒரு சபைக்குப் போதகராக வரும்போதுதான் பயமாக இருக்கிறது.

முதலில் வேதத்திலிருந்தே தொடங்குவோம். தகப்பனையும் தாயையும் தம்மைவிட அதிகம் நேசிக்கிறவன் தமக்குத் தகுதியற்றவன் என்று இயேசு சொன்னது மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. லூக்கா பதினாலில் அது இன்னும் கடுமையாகவே வருகிறது. ஊழிய அழைப்புக் கூட்டம் எதிலும் இந்த இரண்டும் தப்பாது. மாற்கு ஏழாம் அதிகாரம் மட்டும் எப்படியோ தப்பிவிடுகிறது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லிக் கையை விரித்தவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். கடவுளின் பெயரைச் சொல்லி வீட்டுக் கடமையிலிருந்து நழுவும் தந்திரம் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பகுதிகளையும் ஒரே வாய் பேசியது என்பதை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் பிரசங்கிப்பது நேர்மையாகாது.

எலியா தன் சால்வையை எறிந்தபோது எலிசா ஏர் உழுதுகொண்டிருந்தான். தாய் தகப்பனை முத்தமிட்டு வருகிறேன் என்று கேட்டான். எலியா போக விட்டார். லூக்கா ஒன்பதில் ஏறக்குறைய இதே வேண்டுகோளோடு வந்தவனுக்கு இயேசு அப்படி விடை தரவில்லை. எலியாவைவிட இயேசு கடுமையானவர் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் விட்டு வந்த பேதுருவின் வீட்டில், காய்ச்சலாகக் கிடந்த மாமியாரைத் தொட்டு எழுப்பியவரும் அவர்தான். பிற்காலத்தில் பேதுரு மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். விட்டு வருவது என்றால் வீட்டை அழித்து வருவது என்று அந்த முதல் தலைமுறை புரிந்துகொள்ளவில்லை.

செபெதேயுவை எனக்கு எப்போதும் நினைவுவரும். இரண்டு மகன்களும் படகிலிருந்து இறங்கிப் போனார்கள். அவர் கூலியாட்களோடு படகில் இருந்தார். அதன் பிறகு அந்தத் தகப்பனின் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட நற்செய்தி நூல்கள் நமக்குத் தரவில்லை. தாய் வருகிறார். மகன்களுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டு வருகிறார், நம் வீட்டு அம்மாக்களைப் போலவே. பிறகு சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்து நின்ற பெண்களில் ஒருவராக இருக்கிறார். ஒரே வீட்டில் ஒருவர் படகிலேயே நின்றுவிட்டார், ஒருவர் சிலுவை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இயேசுவின் வீடே சம்மதித்த வீடு இல்லையே. மாற்கு மூன்றில் இனத்தார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் ஏழு மறைக்காமல் எழுதுகிறது. எழுதியவர்கள் இதை விட்டுவிட்டிருக்கலாம். ஆதிச்சபையில் இயேசுவின் சகோதரன் யாக்கோபு பெரிய தலைவர், அவரைச் சங்கடப்படுத்தும் செய்தி இது. இருந்தும் எழுதினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் மேல்வீட்டறையில் ஜெபித்தவர்களில் தாயும் சகோதரரும் இருக்கிறார்கள். இடையில் நடந்தது சிலுவை. சம்மதம் வந்தது, அவர் உயிரோடு ஊர் ஊராகப் போதித்த நாட்களில் வரவில்லை.

வேதத்தை இதோடு நிறுத்திக்கொண்டு நான் கற்பித்த பாடமாகிய திருச்சபை வரலாற்றுக்கு வருகிறேன்.

அசிசி பிரான்சிஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகப்பனார் பியெத்ரோ பெர்னார்தோனே துணி வியாபாரி. மகன் கடைத்துணியை விற்று இடிந்த கோயிலைக் கட்டப் பார்த்தான். தகப்பன் அவனை வீட்டில் கட்டிப்போட்டார். அவர் வெளியூர் போன சமயம் தாய் அவிழ்த்துவிட்டார். 1206 வாக்கில் ஆயர் முன்னிலையில் வழக்கு. பிரான்சிஸ் உடுத்தியிருந்த துணியையும் கழற்றித் தகப்பன் கையில் கொடுத்து, இனி எனக்குப் பரலோகத் தகப்பன் மட்டுமே என்ற பொருளில் பேசினார். ஓவியர்கள் வரைந்தது இந்தக் காட்சியைத்தான். ஜொத்தோ பெயரால் அறியப்படும் அசிசிச் சுவரோவியங்களிலும் இது இருக்கிறது.

ஓவியர்கள் அவ்வளவாகத் தொடாத இன்னொரு செய்தி பழைய வரலாறுகளில் இருக்கிறது. அந்த வழக்குக்குப் பிறகும் இருவரும் அதே ஊரில்தான் இருந்தார்கள். சின்ன ஊர், தெருவில் எதிர்ப்படாமல் இருக்க முடியாது. எதிர்ப்படும்போதெல்லாம் தகப்பன் மகனைச் சபிப்பார். பிரான்சிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஏழை மனிதரைப் பிடித்து, எனக்குக் கிடைக்கும் பிச்சையில் உமக்குப் பங்கு தருகிறேன், எனக்குத் தகப்பனாக இரும், என் தகப்பன் சபிக்கும்போது நீர் என்மேல் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதியும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். அப்படியே இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

பரலோகத் தகப்பன் போதும் என்று ஊரறியச் சொன்ன மனிதர், ஒரு மனிதக் கை தன் தலைமேல் வர வேண்டும் என்று பிச்சைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். தகப்பனுக்குப் பாடம் கற்பிக்கச் செய்த நாடகம் என்று இதைச் சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாபம் அவருக்கு வலித்தது. வலிக்காதவருக்கு மாற்று மருந்து எதற்கு? பியெத்ரோ மனம் மாறியதாக ஏடு எதுவும் சொல்லவில்லை. மகனைத் திருச்சபை புனிதராக்கியது, தகப்பனின் ஆசி மட்டும் பதிவாகாமலே போயிற்று.

அதே நூற்றாண்டில் இன்னொரு இத்தாலிய வீடு. தோமா அக்குவினாஸ் பிறந்த குடும்பம் அக்குவினோ பிரபுக்கள். ஐந்து வயதுப் பிள்ளையை மோந்தே கசீனோ மடத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களேதான். மகன் துறவியாவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, அந்தப் பெரிய மடத்துக்கு ஒருநாள் தலைவனாவான் என்ற கணக்கு இருந்தது. மகனோ 1244இல் நேப்பிள்ஸில் தொமினிக் சபையில் சேர்ந்தான். அது அப்போது புதிதாக வந்த, பிச்சையெடுத்து உண்ணும் சபை. குடும்ப மானம் போயிற்று. அண்ணன்மார் வழியில் மடக்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் குடும்பக் கோட்டையில் காவல். மனம் மாற்ற அனுப்பிய அக்காவே தம்பியின் பேச்சைக் கேட்டுத் துறவு பூண்டார். கடைசியில் தாய் தியோதோரா, இரவில் சன்னல் வழியே அவர் இறங்கிப் போவதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. வாசல் வழியே அனுப்பினால் குடும்பம் தோற்றதாகும். சன்னல் வழியே போனால் ஓடிப்போனான் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் கிராமங்களில் இந்தத் தாயை எனக்குத் தெரியும். வாயால் போகாதே என்பார், பெட்டியில் வேட்டி துண்டோடு முறுக்குப் பொட்டலமும் இருக்கும்.

இந்த வீட்டுக் கைதி பிற்காலத்தில் தம் பெருநூலாகிய 'சும்மா தியொலோஜியே'வில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். பெற்றோரை முன்னிட்டு ஒருவர் துறவு மடத்தில் சேராமல் இருக்க வேண்டுமா? சொந்தக் கசப்பைக் கொட்ட நல்ல இடம். அவர் கொட்டவில்லை. பெற்றோர் பிழைப்புக்கு வழியில்லாமல் இந்தப் பிள்ளையையே நம்பியிருந்தால், அவர்களை விட்டுவிட்டுச் சேருவது முறையாகாது என்று எழுதுகிறார். அப்படிப்பட்ட தேவை இல்லாதபோது, அவர்களுக்கு விருப்பம் இல்லையென்றாலும் சேரலாம். தேவை வேறு, விருப்பம் வேறு. வீட்டார் எதற்காக மறுக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த அளவுகோல் இன்றைக்கும் போதும். நம் இறையியல் கல்லூரி நேர்காணல்களில் இதைக் கேட்கிறோமா என்பது வேறு விஷயம்.

நம் மண்ணில் இரத்தம் சிந்திய அருளானந்தருக்கு வருவோம். லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். தகப்பனார் பிரேசிலில் ஆளுநர் பதவியில் இருந்தபோதே இறந்துவிட, தாய் வளர்த்த பிள்ளை. சிறுவயதில் கடும் நோய் கண்டபோது தாய் பிரான்சிஸ் சவேரியாருக்குப் பொருத்தனை செய்தார். பிள்ளை பிழைத்தான். பொருத்தனைப்படி ஒரு வருடம் இயேசு சபையாரின் அங்கி போலத் தைத்து அணிவித்தார். அவன் வளர்ந்த லிஸ்பன் அரண்மனையில் மற்றச் சிறுவர்கள் அவனைச் சின்ன அப்போஸ்தலன் என்று கேலி செய்தார்களாம். பிறகு பையன் நிஜமாகவே அந்தச் சபையில் சேர்ந்தான், சவேரியாரைப் போல இந்தியாவுக்குப் போகிறேன் என்றான். அப்போது அதே தாய் பாப்பரசரின் தூதர் வரைக்கும் போய்த் தடுக்கப் பார்த்தார்.

பொருத்தனை வைத்தவரும் தடுத்தவரும் ஒரே தாய். இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது. பிள்ளை பிழைத்தால் உமக்கே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபித்தவர், அவன் பெரியவனாகிப் பெட்டி கட்டும்போது, கடவுள் இதை நிஜமாகவே எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லையே என்று அழுகிறார். அந்த அழுகைக்குப் பாசாங்கு என்று பேர் வைக்கக் கூடாது.

அருளானந்தர் 1673இல் கப்பலேறினார். மறவர் நாட்டில் சித்திரவதை அனுபவித்து, 1687இல் போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டார். மன்னர் இரண்டாம் பெத்ரோ இங்கேயே இரும் என்று கேட்டும் நில்லாமல் 1690இல் மறுபடி புறப்பட்டார். 1693 பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. செய்தி லிஸ்பனுக்குப் போனபோது தாய் துக்க உடை உடுத்தாமல் விழா உடையில் அரண்மனைக்கு வந்ததாகச் சொல்வார்கள். நடந்திருக்கலாம். அந்த விழா உடைக்குள் என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் அம்மா என்றால் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் மூத்தவர், தகப்பனை இளவயதில் இழந்தவர். 1892 ஜனவரியில் அழைப்பை உணர்ந்ததும் தாய்க்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் பதில் வந்தது: மகளைக் கடவுள் தந்தார், இவ்வளவு நாள் வைத்துக்கொள்ள விட்டார், இப்போது போ என்னும் பொருளில். இப்படிப்பட்ட கடிதம் பெற்றவர்கள் பாக்கியவான்கள். அவரைத் தடுத்த பாசம் வேறிடத்தில் இருந்தது. கெஸ்விக் கூட்டங்களைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் வில்சன், மனைவியையும் மகளையும் இழந்தவர், ஏமியைத் தம் வீட்டில் மகளாக வைத்திருந்தார். மிஷன் ஊழியத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த பெரியவர், தம் வீட்டுப் பிள்ளை போகிறேன் என்றபோது உடைந்துபோனார். கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஏமியின் தொடக்கக் காலப் புத்தகங்களில் ஏமி வில்சன் கார்மைக்கேல் என்று அந்தப் பெரியவரின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951இல் டோனாவூரில் மறையும்வரை தாய்நாடு திரும்பவில்லை. தாயார்தான் 1904இல் டோனாவூருக்கே வந்து தங்கினார்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஏமியிடம் அடைக்கலம் வந்த நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் வீட்டாரும் அந்த வாசலுக்கு வந்தார்கள். அழுதார்கள், மிரட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். 1903இல் வந்த அவருடைய முதல் பெரிய புத்தகத்தில் அந்த உறவினர்களில் பலர் இருளின் பக்கம் நிற்பவர்களாகவே தெரிகிறார்கள். சிலர் உண்மையிலேயே கொடுமைக்காரர்கள். பிள்ளைகளைக் கோயிலுக்கு விற்ற வீடுகளும் உண்டு, அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வெறுமனே மகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அந்த வாசலில் நின்றார்கள். தம் தாயிடமிருந்து அப்படிப்பட்ட கடிதம் பெற்றவருக்கு, அந்தத் தாய்மார் எழுதத் தெரியாமல் வாசலில் நின்று அழுததும் ஒரு கடிதம் என்பது இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். டோனாவூரின் தொண்டை மதிப்பவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

மதம் மாறி அழைப்பை ஏற்கிறவரின் வீடு இன்னும் கடினமான நிலையில் இருக்கிறது. அங்கே பிரிவு ஊழியத்தைப் பற்றியது மட்டுமாக இருக்காது. பந்தி, கல்யாணம், கருமாதி எல்லாம் சேர்ந்து அறுகிறது. ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொந்தளித்து, பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதம் மாறியவரின் சொத்துரிமையைக் காக்க 1850இல் ஒரு சட்டம் வந்தது. 1866இல் இன்னொன்று: கிறிஸ்தவரான கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ மற்றவர் மறுத்தால், நீதிமன்றம் போய் அந்தத் திருமணத்தை முடித்துக்கொள்ளலாம் என்றது அது. மனம் மாறக் கெஞ்சிக் காத்திருக்க வேண்டாம், சட்டப்படி கணக்கு முடி என்றது அரசு.

இந்த வழியில் போகாத ஒருவரின் கதை மராட்டியத்தில் இருக்கிறது. நாராயண் வாமன் திலக், 1861இல் கொங்கணத்தில் பிறந்த சித்பாவனப் பிராமணர், கவிஞர். மனைவி லட்சுமிபாய் நாசிக் பக்கத்துப் பெண். சிறுமியாக இருந்தபோதே கல்யாணம். லட்சுமிபாயின் பிறந்த வீட்டில் மடி ஆசாரம் எல்லை மீறியிருந்தது, கடையில் வாங்கிய பொருளும் கழுவாமல் உள்ளே வராது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவர், ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த புதிய ஏற்பாட்டைப் படித்து, 1895 பெப்ருவரி 10 அன்று பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியவந்தது.

திலக் பெரிய பக்தர், பெரிய கவிஞர். ஆனாலும் மனைவியிடம் சொல்லாமல் செய்தது தப்பு. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள், பூட்டியிருப்பார்கள் என்பது உண்மை. பூட்டுவார்கள் என்ற பயம் உறவினர்களைப் பற்றியது. மனைவிக்குச் சொல்ல வேண்டிய கடன் அப்படியேதான் நிற்கிறது.

அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து வருடம் பிரிந்திருந்தார்கள். லட்சுமிபாய் மகனோடு உறவினர் வீடுகளில், பண்டரிபுரத்தில், ஊர்ப்பேச்சுக்கு நடுவே. விதவையும் இல்லை, சுமங்கலி என்று சொல்லவும் வாய் வராது. திலக் கடிதம் எழுதினார், கவிதை எழுதினார், நேரிலும் போய்ப் பார்த்தார். 1866ஆம் வருடச் சட்டம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மறுகல்யாணம் செய்துகொண்டு புது வாழ்க்கை தொடங்கியிருக்கலாம். அவர் காத்திருந்தார். மனைவி இல்லாமல் தன் கிறிஸ்தவ வாழ்வு நிறையாது என்று அவர் நினைத்ததாகவே எனக்குப் படுகிறது. அந்த வருடங்களில் லட்சுமிபாயும் கவிதை கட்டத் தொடங்கினார். கணவர் எழுத்தறிவித்த பெண், கணவர் விட்டுப்போன துக்கத்திலிருந்து கவியானார்.

பிறகு அகமத்நகரில் ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்தார்கள் என்றால் ஒரே அடுப்பு என்று அர்த்தமில்லை. லட்சுமிபாய்க்குத் தனிச் சமையல், தனித் தண்ணீர். கணவர் கை பட்டதும் ஆகாது. திலக் இதைப் பொறுத்துக்கொண்டார். முன்கோபக்காரர் என்று லட்சுமிபாயே எழுதும் மனிதர், இந்த ஒன்றில் பொறுமை காத்தார். சாதியைக் கடவுள் படைத்தாரா, மனிதர் படைத்தார்களா என்ற கேள்வியை அந்த அம்மாள் தமக்குத் தாமே கேட்டு, தாமே ஒரு முடிவுக்கு வந்து, எவர் கையாலும் உண்ணத் தயாரானார். 1900இல் ஞானஸ்நானம். எந்த மிஷனரியும் வாதாடி ஜெயித்ததில்லை, கணவரும் ஜெயித்ததில்லை.

1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஸ்மிருதி சித்ரே' என்ற அவருடைய தன்வரலாறு மராட்டிய உரைநடையில் உச்சத்தில் வைத்துப் பேசப்படுவது. அதில் கணவரை அவர் புனிதராக்கவில்லை. வீட்டுச் சாமானையெல்லாம் தூக்கித் தானம் கொடுத்துவிடும் மனிதரோடு குடும்பம் நடத்திய பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். வீட்டாரின் சம்மதம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு இந்தப் புத்தகம். தலையாட்டுகிற சம்மதம் எதிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: உன் குறை எனக்குத் தெரியும், நீ எனக்குச் செய்ததும் மறக்கவில்லை, உன் வழியில் நான் என் காலால் நடந்து வந்தேன் என்கிற தோரணை. 1919இல் திலக் மறைந்தபோது 'கிறிஸ்தாயன்' என்னும் காவியம் தொடக்கத்திலேயே நின்றுபோயிருந்தது. மிச்சத்தை, அதாவது பெரும்பகுதியை, எழுதி முடித்தவர் லட்சுமிபாய்.

சாது சுந்தர் சிங்கை ஒரே பத்தியில் சொல்லிக் கடக்கிறேன். பதினாறாவது பிறந்தநாளில், 1905 செப்டம்பர் 3 அன்று சிம்லாவில் ஞானஸ்நானம். அதற்குமுன் சீக்கியத் தகப்பனார் ஷேர் சிங் அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். கடைசி உணவில் விஷம் கலந்திருந்தது என்று சாது சொல்வார். பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தகப்பனாரே கிறிஸ்துவை ஏற்று, மகனின் ஐரோப்பியப் பயணத்துக்குக் கப்பல் கட்டணம் கொடுத்தார். அந்தப் பயணத்தின் விளைவாக வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர் நம் பாளையங்கோட்டை ஏ.ஜே. அப்பாசாமி. கப்பல் கட்டணம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தகப்பன்மார் மன்னிப்பும் சம்மதமும் பெரும்பாலும் பணமாகத்தான் கொடுப்பார்கள், வேறு மொழி அவர்களுக்குப் பழக்கமில்லை.

இனி நம் வீடுகள். கத்தோலிக்க வீடுகளில் குருப்பட்டம் என்றால் ஊரே கொண்டாடும். முதல் நன்றித் திருப்பலிக்குப் பந்தல், சுவரொட்டி. அருட்பொழிவில் புதுக்குருவின் கையில் பூசிய எண்ணெயைத் துடைத்த துணியைத் தாயிடம் கொடுக்கும் பழக்கம் உண்டு, தாய் இறக்கும்போது அதைப் பெட்டியில் வைப்பார்கள். அத்தனை மரியாதை. மகள் கன்னியர் மடம் போகிறேன் என்றால் அதே ஊரில் பந்தல் கிடையாது, தாய் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். வார்த்தைப்பாட்டு நாளுக்கு வந்து பின்வரிசையில் உட்காரும் தகப்பன்மார் ஏராளம். சீர்திருத்த சபை வீடுகளில் கதை வேறு. ஆயராகப் பட்டம் பெற்று, ஆயர்மனையில் குடியிருக்கப்போகிறான் என்றால் சம்மதம். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ மலையில் மிஷனரியாகப் போகிறேன் என்றால் வீட்டில் உலை ஏறாது. பாஸ்டருக்குப் பெண் கொடுப்பவன் யார், தங்கச்சியை யார் கரையேற்றுவது, கல்விக் கடனை யார் கட்டுவது. போகிற சபையில் எந்தச் சாதிக்காரர்கள் என்ற கேள்வியும் சில வீடுகளில் வரும், மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டு. அக்குவினோ பிரபுக்களின் கணக்கு இன்னும் தீரவில்லை.

இவற்றில் கல்விக் கடனும் தங்கச்சி கல்யாணமும் தேவை. தோமா பிரித்துச் சொன்ன தேவையின் பக்கம் வருபவை. அவற்றை அவிசுவாசம் என்று தள்ளுகிற ஆலோசகர் கொர்பான் சொல்லிக் கொடுக்கிறார். ஊழியனின் முதல் சில வருடச் சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக் கடனுக்குப் போவதை மிஷன் நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், முடிந்தால் உதவவும் வேண்டும். அந்தஸ்தும் சாதியும் விருப்பத்தைச் சேர்ந்தவை. அங்கே பிள்ளை பணிய வேண்டியதில்லை. பணியாமல், அதே சமயம் வாசலை அடைக்காமல் போகலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்மதம் வாங்குவதற்காகப் பெற்றோரோடு வேதவசனத்தால் வழக்காடாதீர்கள். நீங்கள் ஜெயித்தால் அவர்கள் தோற்றவர்களாகிவிடுவார்கள், தோற்ற தகப்பன் ஆசீர்வதிப்பது கடினம். மறைத்துவிட்டு ஓடவும் வேண்டாம். போய்ச் சேர்ந்த ஊரில் என்ன சாப்பிடுகிறாய், தண்ணீர் எப்படி, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்று வீட்டில் கேட்டால், அதை ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று தள்ளிவிடாமல் முழு விவரம் எழுதுங்கள். அந்தக் கேள்வி கேட்கத் தொடங்கிய வீடு பாதி வழி வந்துவிட்டது.

கல்லூரிகளுக்கும் ஒன்று. சேர்க்கை நேர்காணலில் மாணவரின் அழைப்பை விசாரிக்க நேரம் ஒதுக்குகிறோம். வீட்டாரை அலுவலகத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். அவர்களையும் உள்ளே கூப்பிட்டு, பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன பயம் என்று ஒரு கேள்வி கேட்கலாம். பதில் நம் காதுக்கு இனிக்காமல் இருக்கலாம். கேட்டுக் குறித்துக்கொள்வதால் அழைப்பு கெட்டுவிடாது.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. வழக்கமாக மாணவர்களிடமிருந்து தொடங்குவோம். இன்று பின்வரிசையில் பெற்றோர் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.